பங்காளிக்கு விட்டுப்போன விதி

அந்த ‘வாங்க’ தனக்குச் சொன்னதன்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பின்னும் நந்திதா அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் எங்கே இருந்தது கிருபாசங்கருக்கு, தன் தோளைத் தாண்டி, மூச்சு வாங்கப் பின்னால் படியேறி வந்த ஈஸ்வரமூர்த்தியின்மேல் அல்லவா இருந்தது, கை கூப்பியதும் அவருக்கு, வாய் திறந்ததும் அவருக்கு, நடுவில் நின்ற தன்மேல் அந்தச் சொல் போகிற போக்கில் உரசிவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான்... போகட்டும், இன்றைக்கு அவள் உபசாரத்துக்கு வரவில்லை. சாயிபாபா காலனியில் இந்த மாடியறை, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், மேசைமேல் ‘ஏழு கணவாய்’ என்ற விளையாட்டின் வரைபடமும் குவியலாகப் பகடைகளும், அந்தப் பக்கம் கதையை நடத்துகிறவனாகக் கிருபாசங்கர், இந்தப் பக்கம் அவளும், கோட்டைமேட்டிலிருந்து வந்த நிதா என்ற கல்லூரிப் பெண்ணும், விளையாட வந்த இன்னொரு பையன் யஷ்வந்தும். அவன் கதை சொல்லச் சொல்ல, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றவர்கள் தாம் செய்வதை வாயாற் சொல்லவேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் அட்டைப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்திக்கு இன்று இது பிடித்துவிட்டால் அவர் அச்சிடுவார், கடைக்குக் கடை போகும், பிடிக்காவிட்டால் இந்த மாதிரிப் பிரதியோடு சரி. பிடிக்காமற் செய்யத்தான் வந்திருக்கிறாள். வேறெதற்கு?

விதிப்புத்தகத்தின் அட்டையில் ‘ஆக்கம்: கிருபாசங்கர்’ என்று யானை பருமனில் எழுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல், ‘நன்றி: நந்திதா, சிற்றுண்டிக்கும் உற்சாகத்துக்கும்.’ சிற்றுண்டிக்கு! என்றோ ஒருநாள் தேங்காய் பன் வாங்கிவந்தது உண்மை, அதைத் தின்றதும் உண்மை, அந்தப் பன்னைப் பிட்டுக்கொண்டே அவள் சொன்ன பாத்திர வகையைத்தான் அவன் ஏழாவதாகச் சேர்த்திருக்கிறான் என்பது மட்டும் எங்கும் இல்லை. மற்ற ஆறும் அவன் செய்தவை, வாள்வீரன், மந்திரவாதி, மருத்துவச்சி, ஒற்றன்... எந்த நாட்டு விளையாட்டிலும் கிடைக்கிற ஆட்கள், தலைப்பாகையை மட்டும் மாற்றிக் கட்டியிருந்தான். ஏழாவது, பங்காளி. அவனை எந்த விளையாட்டிலிருந்தும் அவள் எடுக்கவில்லை, காரமடைப் பெரியப்பா பொங்கியண்ணனிடமிருந்து எடுத்தாள். அக்காவின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் அப்பா கைப்பேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார், ‘வாங்க’ என்று வாயாற் கேட்கவில்லை, வரவேற்பதைத்தான் அந்த ஊரில் ‘கேட்பது’ என்பார்கள், பெரியப்பா உள்ளே வந்து, மொய் வைத்து, சாப்பிடாமலே திரும்பிப் போனவர், பிறகு வீட்டு வாசல் மிதிக்கவே இல்லை. “கையெடுத்துக் கும்புட்டனேப்பா” என்று அப்பா ஆள்விட்டுச் சொன்னதற்கு, “கும்புடு எல்லாத்துக்குந்தான் போட்டான், வாயில ஒரு வார்த்தை வந்துதா?” என்றுதான் பதில் வந்தது. வாள் எதற்கு, மந்திரம் எதற்கு, இந்த மண்ணில் ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் கொதிக்கவைக்க ஒரு சொல்லை விழுங்கினாற் போதுமே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

அதை அப்படியே விதியாக்கினாள். பங்காளி ஓரிடத்துக்குள் நுழையும்போது ‘வாங்க’ என்று கேட்காத ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை அவன் பக்கம் சேரும், அதன் பெயர் மனத்தாங்கல், அடிக்கும்போது கொட்டைக்கு ஒரு பகடை கூடும். ஆனால் எதிரில் நிற்பவர் அவன் முகம் பார்த்து ஒருமுறை ‘வாங்க’ என்று கேட்டுவிட்டால், சேர்ந்த கொட்டை அத்தனையும் பைக்குத் திரும்பிவிடவேண்டும், பங்காளி மறுக்க முடியாது. மறுக்கத்தான் முடியவில்லையே, பல வருடம் கழித்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது அப்பா, “வாங்கண்ணா” என்றார், பெரியப்பாவின் முகத்தில் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் தவித்ததை அவள் பார்த்தாள், பிடித்துவைத்துக்கொள்ள அவருக்கு ஆசைதான், கையில் தங்கவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் பங்காளி ஏது? கிருபாசங்கருக்கு அது ஏறவில்லை. “நாம சேத்து வெச்ச பலத்த எதிராளி ஒரு வார்த்தையில புடுங்கிக்குவானாமா? வெளயாடறவன் கடுப்பாயிருவானுங்க நந்திதா, எடுத்துப்போடலாமுங்க.” “எடுத்துட்டா அவன் பங்காளி இல்லீங்க, வெறும் வெடிகுண்டு.” “தீம் அப்பிடியேதான இருக்குது?” “தீம் அட்டைப்படத்துல இருந்தாப் போதுமுங்களா? வெளயாடறவன் கையில இருக்க வேண்டாமா?” அவன் சிரித்தான், அந்த மெல்லிய, மரியாதையான சிரிப்பு, சண்டைக்கும் ‘ங்க’ போடுகிற ஊரில் பிறந்துவிட்டால் ஒருவன் துரோகம் செய்வது கூடக் காதில் இனிமையாகத்தான் விழும்... பிறகு அழைப்பு இல்லை, பேச்சு இல்லை, இந்த மாதிரிப் பிரதி மட்டும் ஒருநாள் இன்னொருவர் மேசையில் அவள் கண்ணிற் பட்டது. புரட்டினாள். பங்காளி இருந்தான், புளியங்கொட்டை இருந்தது, மனத்தாங்கல் என்ற சொல்கூட இருந்தது, அந்த ஒரு விதி இல்லை. திருடியவன் சாவியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்தது இந்தப் பிற்பகலுக்காக.

“கணவாய் அரசனோட கொலுமண்டபமுங்க” என்று அவன் ஆரம்பித்தான், குரல் நன்றாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், “ரெண்டு பக்கமும் மந்திரிமாரு, தளபதிமாரு. நீங்க மூணு பேரும் உள்ள வாரீங்க. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலைங்க.” எங்கே வரவேண்டுமோ அங்கே வந்துவிட்டான், தானாகவே, இன்றைக்குப் பங்காளி அவள்தான். “எத்தனை பேருங்க இருக்கறாங்க?” என்று நந்திதா கேட்டாள். “ஒரு நாப்பது பேருங்க. ஏனுங்க?” “என்னைய யாராவது வாங்கன்னு கேட்டாங்களா?” “...இல்லீங்க.” “அப்ப நாப்பது கொட்டை.” யஷ்வந்த் கைதட்டிச் சிரித்தான், “அக்கா, எங்க சித்தப்பன் கல்யாண மண்டபத்துல நின்ன மாதிரியே இருக்குதுங்க,” நிதா பையைக் கவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள், கொட்டைகள் அவள் முன் கறுப்பாகக் குவிந்தன, கிருபாசங்கரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. கணக்குப் போடுகிறான், போடட்டும், பகடை நாற்பது, அரசனின் உயிர் அதிற் பாதி தாங்காது, அரசன் செத்தால் மாலைவரை நடக்கவேண்டிய கதை முழுவதும் செத்தது. அவன் தொண்டையைச் செருமினான், ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தான், பிறகு, “சரிங்க... அரசன் சிங்காசனத்த உட்டு எந்திரிக்கறாருங்க. பங்காளியப் பாத்து, வாங்க, வாங்கன்னு கேக்கறாருங்க” என்றான். ஆகா! கேட்டுவிட்டானே, அவன் வெட்டி எறிந்த விதியை அவன் வாயே தேடிக்கொண்டு போகிறதே, இந்த ஊர்க்காரன் வாய் வேறு எங்கே போகும்... இந்த ஒரு நொடிக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். “கேக்கட்டுமுங்க, தங்கமான மனுசன்” என்றாள் நிதானமாக, “ஆனா கேட்டா என்ன ஆகுமுன்னு விதிப்புத்தகத்துல ஒண்ணுமே இல்லீங்களே.” அவன் பக்கத்தைப் புரட்டினான், இல்லையென்று தெரிந்தே புரட்டினான், திரும்ப முதலிலிருந்து புரட்டினான், அந்தப் புரட்டலை அவள் கண்ணால் மென்று தின்றாள். ஆளுக்கொரு கை பகடை கடன் வாங்கி, இரு கையாலும் அள்ளி, மேசைமேல் கொட்டினாள். கூட்டிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அரசன் செத்தான், கதையும் முடிந்தது. “அக்கா, அவ்வளவுதானுங்களா?” என்றாள் நிதா, அவள் மருத்துவச்சி, மருந்துப் பெயரெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள், ஒருவருக்கும் காயம் படவில்லை, “நான் ஒருக்காக்கூட உருட்டலைங்களே.” நந்திதாவுக்கு அது சுருக்கென்று தைத்தது, இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்தேன்... பிறகு பார்க்கலாம், இப்போது ஈஸ்வரமூர்த்தி வாய் திறக்கவேண்டும், எழுந்து போகவேண்டும், அதைப் பார்க்கவேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், அவசரமே இல்லாத மனிதர். “ஏனுங்க தம்பி, மத்ததெல்லாம் ஜோரா இருக்குதுங்க, படமும் நல்லாருக்குது, நீங்க சொல்ற தோரணையும் நல்லாருக்குது. இந்தப் பங்காளி ஒருத்தன்தான் ஆட்டத்தையே தின்னுபோடறான். அவனை எடுத்துப்போட்டா மிச்சம் ஆறு பேரு போதுமுங்க. பொட்டியும் அடக்கமா வரும். என்ன சொல்றீங்க?” எடுத்துப்போட்டா... எழுந்து போகவில்லை, அச்சுக்கு எடுத்துக்கொள்வதாகத்தானே சொல்கிறார், அப்படியானால் தான் கொட்டிய பகடை யாரை அடித்தது? கிருபாசங்கர் தலை நிமிர்ந்து நேரே அவளைப் பார்த்தான், உள்ளே நுழைந்ததிலிருந்து முதன்முறையாக. அவனுக்குத் தெரியும், சற்றுமுன் அவன் வாயே சொல்லிவிட்டது, எந்த விதியைத் திரும்ப வைத்தால் பங்காளி பிழைப்பான் என்று இந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும், சொல்லேன், சொன்னால் அது யாருடையது என்பதும் வெளியே வரும், அதனால் சொல்லமாட்டாய், அப்படித்தானே? அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். “எடுத்துப்போடலாமுங்க” என்று ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னான், பேனாவைத் திறந்தான்.

மகிழ்ச்சி வரவேண்டும், வரட்டும், அவனுக்குச் சொந்தமில்லாதது அவனிடமிருந்து போகிறது, இதைவிட என்ன வேண்டும், இனி அந்தப் புத்தகத்தில் அவன் செய்த ஆறு பொம்மைகள்தாம், கடைக்குக் கடை போகட்டுமே... பேனா பக்கத்தின் தலைப்பில் இறங்கியது, ‘பங்காளி’ என்ற எழுத்தின்மேல், நந்திதாவின் நாற்காலி தானாகப் பின்னுக்கு நகர்ந்தது, “ஒரு நிமிசமுங்க” என்றது யார் குரல், தன் குரலா? எல்லாரும் திரும்பினார்கள், கிருபாசங்கரின் பேனா கோட்டை முடிக்காமல் நின்றது, அவள் சொல்வதற்கு இரண்டே வாக்கியம் இருந்தது, விட்டுப்போன அந்த விதி, சொன்னால் அவன் பெயரில்தான் அச்சாகும், அவன் பெயரில்தான் விற்கும், சிற்றுண்டிக்கும் உற்சாகத்துக்கும் என்ற அந்த வரிகூட மாறாது, எல்லாம் தெரிகிறது, தெரிந்தும் நாக்கு பல்லைத் தொட்டுக்கொண்டு காத்திருக்கிறதே... இத்தனை நாள் பெயருக்காகத்தான் எரிந்தோம் என்று நினைத்திருந்தாளே, இப்போது, பெயர் இல்லாவிட்டால் இல்லை, பங்காளி இருக்கட்டும், அவன் அந்தப் பக்கத்தில் இருந்தாற் போதும் என்று உள்ளே ஏதோ ஒன்று கெஞ்சுகிறதே, இது எப்போதிருந்து...