வேறு கடையில் கேளுங்கள்

1

எதிர்க்கடைக்காரியைக் கெட்டவளாகக் காட்டத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இது: 'உதட்டுச் சாயம் கலையாமல் மருந்து விற்கும் அந்தப் பெண்...' அடித்துவிட்டேன். அவள் சாயம் பூசுவதில்லை. நான் பூசிவிட்டால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், எனக்குத்தான் உறுத்தும்.

நானும் மருந்துக்கடைக்காரிதான். தெருவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். உறவுக்குப் பிறகு கர்ப்பம் தரிக்காமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் அவசர மாத்திரை அவளிடம் உண்டு, என்னிடம் கிடையாது. யாராவது கேட்டால், "வேற கடைல கேளுங்கம்மா" என்பேன்.

2

(என் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே மகள் எனக்கு. அந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை, உண்டாகாமல் தடுப்பதோடு சரி என்று படித்துப் பட்டம் வாங்கியவள்தான் நான். ஆனாலும் எடுத்து நீட்டக் கை வரவில்லை. என் கடையில் எதை விற்பது என்பது என் உரிமை இல்லையா? இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கதை வேகமாக ஓடும். எடுக்க மாட்டேன்.)

3

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளியலறையில் மகள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். இருபத்திரண்டு வயது அவளுக்கு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாத்திரை போட்டு ஒரு மணி நேரந்தான் ஆச்சு. எல்லாம் வெளிய வந்துடுச்சு. திரும்பப் போடணுமா?... உங்க கடைக்கு மறுபடி வந்தா அம்மா பாத்துடுவாங்கக்கா. எதிர்லயே உக்காந்திருப்பாங்க."

போடத்தான் வேண்டும். அதுவும் சீக்கிரம். முப்பது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவள் கதவுக்கு வெளியே நிற்கிறேன். என் மகள் தெரு தாண்டிக் கேட்கிறாள்.

'பெற்ற வயிறு பதறியது' என்று முதலில் எழுதினேன். பொய். பதறவில்லை, எரிந்தது. அந்த 'அக்கா'தான் எரித்தது.

கதவு திறந்தது. அவள் முகம் வெளுத்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டா என்னம்மா சொல்லுவ? போன மாசம் ஒரு பொண்ணு வந்து கேட்டப்ப நானும் கடைலதான இருந்தேன். அவ முகத்தக்கூட நீ பாக்கல."

4

தெருவைக் கடந்தேன். (இங்கே ஒரு மழையைப் பெய்யவிட்டுப் பார்த்தேன். அன்று வெயில்தான்.) மூன்று பேருக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. மறுபடி வாந்தி வந்தா உடனே வாங்க."

எனக்கே பாடம்!

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?" கேட்டுவிட்டேன். வேறெதுவும் எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"இங்க வர்றவங்க பேசறத நான் யார்கிட்டயும் சொல்றதில்லீங்க."

ஒரே ஒரு கெட்ட வார்த்தை பேசியிருக்கலாம். ஒரு இளக்காரமான சிரிப்பாவது சிரித்திருக்கலாம். நான் நினைத்த கதையை நினைத்தபடி எழுதியிருப்பேன்.

5

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட வைத்து மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கினாள். பயப்படாதீர்கள், இந்த முறை தங்கிவிட்டது.

"இத எங்கம்மா வாங்கின?"

ஒரு முடிவில், "நம்ம கடைலதான். இனிமே வெச்சிருப்பேன்" என்கிறேன். அவள் என் மடியில் தலை வைக்கிறாள். இன்னொரு முடிவில், "உங்க அக்காகிட்டதான்!" என்று சுள்ளென்று சொல்லிவிட்டு நான்...

இரண்டையும் எழுதிக் கிழித்தாயிற்று. உண்மையில் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மகள் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே இங்கே போட்டுக்கொள்ளுங்கள். அது நல்ல பதிலாக இருந்தால் மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். உங்களைப் பார்த்தும் பொறாமைப்பட என்னால் ஆகாது.