மங்களத்தின் வீடும் மூன்று சிறகுக் காய்களும்

ஈப்போவுக்குத் தெற்கே, பீடோருக்கு வெளியே, விற்றுப்போன ரப்பர்த் தோட்டத்தின் கடைசித் தொழிலாளர் லயத்தில், மங்களத்தின் வீடு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கட்டுமானக் கம்பெனி கதவில் நோட்டீஸ் ஒட்டிய மறுவாரம் அது எழும்பியது. காரணத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. அடுப்படிக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மானேஜர் அமெரிக்காப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் ஒன்று இருந்தது. அதுவரை காய்க்காத மரம் அந்த வாரம் காய்த்தது. காய் ஒவ்வொன்றுக்கும் மூன்று சிறகு. காற்றடித்ததும் லட்சக்கணக்கான காய்களும் ஒன்றாகப் படபடக்க, மரம் கிளம்பியது. அதன் வேர்கள் வீட்டுத் தூண்களை நெடுநாளாகக் கட்டிப்பிடித்திருந்ததால் வீடும் கூடவே போனது. நுனி வேர்கள் மட்டும் மண்ணை விடவில்லை. மங்களம் ஏணி ஒன்று வாங்கினாள். கோழிகள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பழகிக்கொண்டன.

நாற்பது வருடம் பால்மரம் சீவியவள் மங்களம். தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்களெல்லாம் அவளுக்கு ஒரு வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாக்குறுதிகளை மட்டும் அடுக்கிக் கட்டியிருந்தால் ஈப்போவரை அவளுக்கு மாடி வீடு நீண்டிருக்கும். கையில் இருந்ததோ இந்த ஒற்றை வீடு. அக்கம்பக்கத்தார் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். இதுவும் போனால் புந்தோங்கில் மகன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் பாய் விரிக்க வேண்டியதுதான். மருமகள் புஷ்பலதா அந்த இடத்தை அளந்தே வைத்திருந்தாள்.

கம்பெனி வழக்குப் போட்டது. நீதிபதி நேரில் வந்து, தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நிலத்தில் இருக்கும் வீட்டை இடிக்கத்தான் உத்தரவு போட முடியும், ஆகாயத்தில் இருப்பது தன் எல்லைக்குள் வராது என்று சொல்லிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கிளம்பிப் போனார். கம்பெனி வக்கீல் லேசுப்பட்டவரா? அந்த மரம் சிறகு இல்லாத சாதி என்று நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், மரம் பறக்கவில்லை என்றாகிவிடும். மரம் பறக்காவிட்டால் வீடும் பறக்கவில்லை. அப்புறம் கண்ணால் பார்த்தவன் பேச்சு யாருக்கு வேண்டும்?

நிபுணர் குனோங் ராபாட்டில் கிடைத்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர் பஞ்சலிங்கம். கோஸ்டா ரிக்காவில் வாழ்க்கைப்பட்ட மகள் தக்ஷாயினியைப் பார்க்கப் போனவர், அங்குள்ள காட்டு வழிகாட்டி ஒருவன் பின்னாலேயே மூன்று மாதம் அலைந்து, வால்நட் குடும்பத்து மரங்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். திரும்பியதிலிருந்து அவர் பேச்சு முழுக்க அதுதான். அவர் வாயைத் திறந்தால் மனைவி சரோஜாதேவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். ஒரே வருடத்தில் அந்த வீட்டில் நான்கு மிக்ஸி எரிந்துபோயிற்று.

கழுத்தில் தொலைநோக்கியோடு அவர் ஏணியில் ஏறினார். கம்பெனி ஆள் சுகுமாரன் பின்னால் ஏறினான். மங்களம் இருவருக்கும் தே ஓ, பால் விடாத தேநீர், போட்டுக் கொடுத்துவிட்டு, சன்னலோரம் பயற்றங்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

பஞ்சலிங்கம் சன்னல் வழியாக இலையைப் பறித்துக் கசக்கி மோந்தார். "ஓம், வால்நட் குடும்பம்தான். வாசம் சொல்லுது. இலையெல்லாம் எதிரெதிரா, சோடி சோடியா நிக்குது பாருங்கோ. நம்ம கேமரன் மலையில இருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு மாறி மாறித்தான் இருக்கும். அப்ப இது அமெரிக்காக்காரன்." குச்சி ஒன்றை நெடுக்கே பிளந்து, நடுத்தண்டில் அறை அறையாக இல்லை, ஆகவே பிஸ்கட்டில் போடுகிற வால்நட்டும் இல்லை என்றார். அவரைத் தடுக்க அங்கே மிக்ஸி இல்லை. முகம் மலர்ந்துபோயிருந்தது. "மிச்சம் ரெண்டு பேர்தான். காய்க்குச் சிறகு இருந்தா ஒரியோமுன்னியா. இல்லையெண்டா அல்ஃபாரோவா."

"அங்கிள், அல்ஃபாரோவான்னு சொல்லிட்டு இறங்குங்க லா," என்றான் சுகுமாரன். "லாயருக்கு அதான் வேணும்."

பஞ்சலிங்கம் காய்களைப் பார்த்தார், சுகுமாரனைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அல்ஃபாரோவா," என்றார்.

சொன்னதுதான் தாமதம், லட்சக்கணக்கான காய்களும் சிறகுகளை உதிர்த்தன. வீடு தொப்பென்று தரையில் வந்து உட்கார்ந்தது. தே ஓ சுகுமாரன் சட்டையில் போய்ச் சேர்ந்தது. வெளியே காத்திருந்த மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மங்களம் சிதறிய பயற்றங்காயைப் பொறுக்கினாள். "எங்க தோட்டத்துக் கிராணியும் உங்க ஊரு ஆளுதான் ஐயா. இதே பேச்சு. நாங்க பால் வாளியத் தராசுல வச்சா, அவரும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு எடையச் சொல்லுவாரு. அவருகிட்டதான் படிச்சீங்களா?"

பஞ்சலிங்கத்தின் அப்பாவும் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. அது மங்களத்துக்குத் தெரியாது. அவருக்குக் காது வரை சிவந்தது. சன்னலுக்கு வெளியே மொட்டைக் காய்கள் பேச்சு மூச்சில்லாமல் தொங்கின. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: மனைவி கேட்காத, மகள் கேட்காத, முப்பது வருடம் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பியூன்கூடக் கேட்காத அவர் பேச்சை இந்த மரம் கேட்கிறது. இயந்திரத்தின் வாய் வாசற்படியைத் தொட்டது.

"அங்கிள், போலாம், இடிக்கப் போறாங்க!" என்றான் சுகுமாரன்.

"பொறு தம்பி, இன்னொருக்கா பாக்கோணும்." பஞ்சலிங்கம் இந்தத் தடவை கண்ணை அகலத் திறந்து, ஒரு காயைக் கையில் ஏந்தி, பீடோர்க் கடைத்தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார்: "ஒரியோமுன்னியா! சிறகு மூண்டு! எவன் இல்லையெண்டு சொன்னவன்?"

காய்களுக்கெல்லாம் சிறகு முளைத்தது, பழையதைவிட ஒரு சாண் நீளமாக. வீடு எழும்பியது. பிரியமிகுதியால் கொஞ்சம் கூடுதலாகவே எழும்பி, தென்னை உயரத்தில் போய் நின்றது. கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் அண்ணாந்து பார்த்துக் களைத்து, கீழே நாலே மாடியில் கொண்டோ என்ற சொகுசுக் குடியிருப்பு கட்டி, நிழலுக்குத் தனி விலை போட்டு விற்றார்கள். மங்களம் நீள ஏணி வாங்கினாள். மின்சார பில் தவறாமல் மேலே வருகிறது. பஞ்சலிங்கம் ஞாயிறுதோறும் வந்து மரத்திடம் அதன் பெயரைச் சொல்லிவிட்டு, அதோடு விடாமல் சாயங்காலம் வரை பேசிவிட்டுப் போகிறார். கொண்டோவாசிகள் சங்கம் இதுவரை ஒரே ஒரு புகார்தான் கொடுத்திருக்கிறது: மேல்வீட்டு அம்மா துணியை நன்றாகப் பிழிந்து காயப்போட வேண்டும், கார்கள் நனைகின்றன.