ஆடி முடியட்டும்

கதிரேசன் தொலைபேசியில் கூப்பிட்டபோது சிவகாமசுந்தரி இறந்த கணவர் நடேசனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த மாசக் கூட்டத்துல தலைப்பு என்ன தெரியுமா? அரசாங்க வீவக வீடுகளில் இன வரம்பு இன்னும் தேவையா? அண்ணன் தலைப்பு லா! அவரு எழுதி வச்ச குறிப்ப நீங்க வந்து வாசிச்சா போதும்."

சரி என்றாள். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மாதாமாதம் கதிரேசன் கூட்டும் விவாதக் கூட்டம் அது. ஓர் அடுக்குமாடி புளோக்கில் சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை என்ற வரம்பை நடேசன் அங்கே இருபது வருஷம் விட்டுக்கொடுக்காமல் ஆதரித்தார். "இல்லாட்டி பக்கத்து வீட்டுல யாரு இருப்பா? இன்னொரு நடேசன். ஒரு நடேசனையே தாங்க முடியலங்கிறா என் பொண்டாட்டி" என்பார். மாடியே சிரிக்கும்.

அவர் போய் ஐந்து மாதம். முழங்கால் வலியோடு குவீன்ஸ்டவுன் வீட்டில் அவளால் தனியாக இருக்க முடியவில்லை. விற்றுவிட்டு மகள் ரோஷினிக்குப் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்துக்கொள்ள நினைத்தாள். ஜூலையில் ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. உடனே கையெழுத்துப் போடலாம் என்றார்கள். சிவகாமசுந்தரிதான் ஆடி முடியட்டும் என்றாள். அவர்களும் தலையாட்டினார்கள், பேய்களுக்குப் படைக்கும் சீன ஏழாம் மாதம் அவர்களுக்கும் ஆகாது. ஆடி முடிந்து அது பிறக்குமுன் நடுவே ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் முதல் தேதி வீட்டு முகவர் செரினா கூப்பிட்டாள்.

"சாரி ஆன்ட்டி. கோட்டா மாசாமாசம் மாறும். இன்னிலேர்ந்து உங்க புளோக்ல சைனீஸ் ஃபுல். நீங்க அவங்களுக்கு விக்க முடியாது."

"போன மாசமே பதிஞ்சிருந்தா?"

"முடிஞ்சிருக்கும், ஆன்ட்டி."

நடேசனுக்கு ஆடி, அமாவாசை எதுவும் கிடையாது. அவர் இருந்திருந்தால் கேலி பண்ணியே கையெழுத்துப் போட வைத்திருப்பார்.

கூட்டத்தில் குறிப்பை வாசித்தாள். 'வீட்டை யாருக்கு விற்கிறோம் என்பது நம் சொந்த விஷயம் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தின் விஷயம்' என்ற வரியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தாள். கை தட்டினார்கள்.

நடேசனோடு இருபது வருஷம் மல்லுக்கு நின்ற கோவிந்தசாமி எழுந்தார். "இது அவன் பேச்சு, தங்கச்சி. வீட்ட விக்க முடியாம நிக்கிறது நீங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவரு சொன்னது தப்புன்னு எனக்குச் சொல்ல வரலண்ணே." தாளை நாலாக மடித்தாள். "ஆனா அவருக்கு வீட்ட விக்கவேண்டி வந்ததே இல்ல."

கோவிந்தசாமி உட்கார்ந்தார். கதிரேசன் அவசரமாகத் தேநீர் சொன்னான்.

கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கும்போது செரினாவின் செய்தி வந்தது. சனிக்கிழமை ஓர் இந்தியக் குடும்பம் பார்க்க வருகிறதாம். பிடித்துவிட்டால் ஆவணியில் எந்த நாள் சரிப்படும் என்று கேட்டிருந்தாள்.

'நாள் பார்க்கவேண்டாம். என்றைக்கானாலும் சரி' என்று படியில் நின்றே பதில் அனுப்பினாள்.