கூறைச்சேலைப் போர்வை

கிணறு வெட்டும்போது மண் சரிந்து முத்துச்சாமி செத்துப்போனான். அதற்கு மறு வருஷம், அறுபத்தைந்தில், அகரம் பக்கம் மழையும் பொய்த்தது. கடையில் அரிசி வந்தால் மண்ணெண்ணெய் வராது. மண்ணெண்ணெய் வந்தால் சீனி இருக்காது. அந்த வீட்டில் எது குறைந்தாலும், குறை முதலில் வந்து விழுந்தது முத்துச்சாமியின் பெண்சாதி கண்ணம்மாளின் தட்டில்தான்.

வீட்டை நடத்தியவன் முத்துச்சாமியின் அண்ணன் ஒச்சப்பன். அடுப்படி அவன் மனைவி அய்யம்மாளின் கையில். கண்ணம்மாளுக்கும் அவள் மகள் சிவனம்மாளுக்கும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையை ஒதுக்கியிருந்தார்கள். களையெடுப்பு, புல்லறுப்பு, சாணி அள்ளுவது எல்லாம் கண்ணம்மாள்தான். அதற்குக் கூலி கிடையாது. குடும்பத்து வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

மார்கழிப் பனியில் பிள்ளைக்கு இருமல் கண்டது. வீட்டில் கம்பளி இரண்டே இருந்தன. இரண்டும் ஒச்சப்பனின் பிள்ளைகளிடம் இருந்தன.

"அக்கா, பிள்ளைக்குப் போத்த ஒரு கம்பளி குடுங்க. இருமி இருமி நெஞ்சு நோகுதுங்குறா."

"கம்பளிக்கு நான் எங்க போறது? மாவுச் சாக்கு கெடக்குல்ல, அத உதறிப் போத்து."

கண்ணம்மாள் சாக்கைப் போர்த்தினாள். காலையில் பிள்ளையின் கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்திருந்தது.

அந்த வாரத்திலேயே ஒச்சப்பனின் தங்கை பொன்னழகுக்கு எரியோட்டில் மாப்பிள்ளை முடிவானது. தை மாதம் கல்யாணம். அய்யம்மாள் நேரே கொட்டகைக்கு வந்து, அறை மூலையில் இருந்த தகரப்பெட்டியைக் காலால் தட்டினாள். கண்ணம்மாளின் தாய்வீட்டுப் பெட்டி அது. தாலி இறங்கிய அன்று அவள் அண்ணன் வெள்ளைச்சேலை கொண்டுவந்து போட்ட பிறகு, அதுவரை கட்டிய கலர்ச்சேலைகளை எல்லாம் வேப்பிலை போட்டு அதில்தான் மடித்து வைத்திருந்தாள்.

"ஜவுளி எடுக்க இந்த வருசம் தோது இல்ல. இதுல கெடக்குறத எடுத்து வையி, வெளுத்துப் பொன்னழகுக்குக் குடுத்துருவோம். கூறைச்சேல மட்டும் வேணாம், அது ஆகாது. வண்ணாத்திக்குப் போட்டுரு."

"அது என் பொருளுக்கா."

"ஒம் பொருள்தான். இல்லைங்கல. ஒனக்கு இனி அது எதுக்கு?"

கண்ணம்மாள் பெட்டியை முன்னால் இழுத்து மூடியைத் திறந்தாள். சரி என்று சொல்லிவிட்டதாக அய்யம்மாள் நினைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்ததும், முற்றத்தின் நடுவில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள் கண்ணம்மாள். முதலில் எடுத்தது அரக்குக் கூறைச்சேலையைத்தான். முந்தியை அரிவாளில் வைத்து ஒரு கீறல் கீறி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்த சத்தத்தில் கோழிகள் விலகி ஓடின. அதன் பிறகு கை நிற்கவில்லை. மாந்துளிர், பச்சை, வாடாமல்லி, கட்டம்போட்ட சுங்குடி என்று ஒவ்வொன்றாகக் கிழிந்து மடியில் குவிந்தன.

அய்யம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அடி பாவி! நல்ல சேலையக் கிழிக்கிறாளே! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"எனக்கு எதுக்குன்னு கேட்டீகள்ல? பிள்ளைக்குப் போர்வை தைக்க."

வீட்டில் ஊசி ஒன்றுதான் உண்டு. அய்யம்மாள் அதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். நூல்கண்டும் எங்கோ மறைந்தது. கண்ணம்மாள் கேட்கப் போகவில்லை. கூடக் களையெடுக்கும் ஜெயமேரியிடம் மூட்டை தைக்கும் கோணி ஊசி இருந்தது. நூலுக்குப் பிள்ளையைச் சொறியவைத்த அந்தச் சாக்கே உதவியது. அதன் வாய்த்தையலில் ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தால், நூல் முழங்கணக்கில் உருவிக்கொண்டு வரும்.

"பெரிய ஊசி, துணியில ஓட்ட விழுமே கண்ணம்மா," என்றாள் ஜெயமேரி.

"விழட்டும். நெருக்கித் தச்சா நிக்கும்."

வெள்ளைச்சேலையில் ஒன்றை இரண்டாக மடித்து அடியில் போட்டாள். அதன்மேல் கந்தலைப் பரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே கலர்த்துண்டுகளை ஒட்டுப்போட்டாள். கூறைச்சேலைத் துண்டு நட்டநடுவில். மத்தியானக் கஞ்சி நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து தைத்தாள். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்வரை முற்றத்தில் தைத்தாள்.

ஒருநாள் பொன்னழகு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் மாந்துளிர்த் துண்டின்மேல் இருந்தது.

"எனக்குக் குடுக்க ஒங்களுக்கு மனசு வரலையாக்கும் மதினி?"

"நீ வந்து கேட்டிருந்தா ஒன்னுக்கு ரெண்டாக் குடுத்திருப்பேன் ஆத்தா. இங்க யாரு என்னயக் கேட்டா?"

பொன்னழகு குனிந்து அந்தத் துண்டை ஒருதரம் தடவினாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து அய்யம்மாளோடு சேர்ந்துகொண்டு கண்ணம்மாளை ஏசுவதை நிறுத்திவிட்டாள்.

போர்வை முடிந்த மறுநாள் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது. விடியுமுன்னே போனால்தான் கிடைக்கும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணம்மாள் மகளை இடுப்பில் தூக்கி, இருவருக்கும் சேர்த்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, டின்னோடு தெருவில் இறங்கினாள். கடை வாசலில் பாதி ஊர் நின்றது. அரக்கும் பச்சையும் வாடாமல்லியுமாக அவள் வருவதைப் பார்த்ததும் எல்லாத் தலையும் திரும்பியது.

"முத்துச்சாமி பொண்டாட்டியா அது? கலரு கட்டிக்கிட்டு வாரா!"

ஒருவன் சிரித்தான். கண்ணம்மாளுக்குக் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோளில் சாய்ந்திருந்த பிள்ளை இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணம்மாள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். எண்ணெய் வாங்கிக்கொண்டு, வந்த தெருவழியாகவே திரும்பினாள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. ஒச்சப்பன் வாசலில் நின்றான். அக்கம்பக்கமும் கூடிவிட்டது.

"ஊரு சிரிக்குது. தாலி அறுத்தவ கலரு சுத்திக்கிட்டு கடைவீதிக்குப் போறதா? அவுத்துப் போடு அத."

"இது சேலையா மாமா? போர்வை. உடுத்தத்தான் கூடாதுன்னீங்க, உடுத்தல. போத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லலயே."

"வாய் நீளுது ஒனக்கு. அப்ப இந்த வீட்டுச் சோறு கெடையாது."

கண்ணம்மாள் டின்னைக் கீழே வைத்தாள். பயம் வரவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சோறு வேணாம். என் புருசன் பங்கப் பிரிச்சு விடுங்க, நானே பொங்கிக்கிறேன். மாட்டேன்னா, ஊர்ப் பெரியவுக முன்னால இந்தப் போர்வையோடயே வந்து கேப்பேன். பிள்ளைக்கு ஏன் சாக்குப் போத்துனேன்னும் அங்கயே சொல்லுறேன்."

கூட்டத்தில் யாரோ "சாக்கா?" என்று கேட்டார்கள். ஒச்சப்பன் அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அய்யம்மாள் தரையைப் பார்த்தாள். தை மாதம் கல்யாணம் வைத்துக்கொண்டு பஞ்சாயத்தில் நிற்க அவனுக்குத் துணிவில்லை.

நல்ல நிலத்தை அவன் கொடுக்கவில்லை. தம்பி செத்த கிணற்றை ஒட்டிய மேட்டுத்துண்டைக் காட்டினான். அந்தப் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள். வேண்டாம் என்று அழுவாள் என எதிர்பார்த்திருப்பான். கண்ணம்மாள் சரி என்றாள்.

அன்று மத்தியானமே கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். ஜெயமேரி கொஞ்சம் கேப்பை மாவு கொடுத்தாள். உப்பு போதவில்லை, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் கிடையாது. ஆனால் கூழ் முழுக்க அவளுடையதாக இருந்தது. பிள்ளைக்கு ஊற்றிவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு தன் தட்டிலும் நிறைய ஊற்றிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு நடந்தாள்.