கூடைக்கருகில் நின்றுபோன விவேக்

2005ஆம் ஆண்டில் விவேக் பந்தோடு எழும்பினால் உடனே கீழே வரமாட்டான். ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்கு வடக்கே, ரைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரின் சின்னக் கல்லூரி அது. அதன் கூடைப்பந்து அணியில் ஆட்டம் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். கூடைக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றபடி, யாருக்குப் பந்தைக் கொடுக்கலாம் என்று ஆறுதலாக யோசிப்பான். எதிரணிகள் முறையிட்டுப் பார்த்தன. பந்தோடு தரையில் நடப்பதற்குத்தான் தடை இருக்கிறது, மேலே நிற்பதற்கு இல்லை என்று கூடைப்பந்துச் சங்கம் கையை விரித்துவிட்டது. நடுவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். தாய் கனகவல்லி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடிந்த கையோடு வந்து முன்வரிசையில் இருப்பாள். “நிண்டது காணும், இறங்கு தம்பி, கால் நோகப்போகுது” என்று கீழேயிருந்து கத்துவாள்.

2007இல் கொலோனில் இருந்து ஒரு பெரிய பல்கலைக்கழக அணி அவனைக் கேட்டது. பெரிய அரங்கு, மூன்று பயிற்சியாளர்கள், கால் பிடித்துவிடத் தனியாக ஓர் ஆள். யார்தான் போகமாட்டார்கள்? அணித்தலைவன் தோபியாஸ் மட்டும், நீ போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் தோற்போம் என்றான். அதில் பொய்யில்லை. ஆனாலும் நல்ல மனதுக்காரன், பிரியாவிடைக்கு முழு மூச்சாக இறங்கினான். விவேக்கின் வீட்டில் அவன் பலமுறை சாப்பிட்டிருக்கிறான். அங்கே செத்துப்போன தகப்பன் செல்வராசாவின் படம் மாலையோடு தொங்கும், கீழே சின்ன விளக்கு எரியும். தமிழர்கள் பெரிய மனிதரைக் கௌரவிக்கும் முறை இதுதான் என்று தோபியாஸ் தானாகவே முடிவுகட்டியிருந்தான். தமிழ்க் கடையில் மாலை வாங்கி, விவேக்கின் படத்தைப் பெரிதாக்கி, கல்லூரி ஆட்ட மண்டபச் சுவரில் மாட்டி, விளக்கும் ஏற்றிவிட்டான்.

கனகவல்லி பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டு கைதவறி விழுந்தது. “ஐயோ, உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ மாலை போடுறது! கழட்டு தம்பி!” என்றாள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விவேக்குக்கு அவர்களுடைய முகத்தை முறிக்க மனம் வரவில்லை. “விடுங்கோ அம்மா, ஆசையில செய்தது” என்று சிரித்துச் சமாளித்தான். படம் கையெட்டும் உயரத்தில்தான் இருந்தது. கழற்றியிருக்கலாம், பாவி.

கொலோனில் அவன் எழும்பினான், எல்லோரையும் போல உடனே கீழே வந்தான். முழங்காலைப் படம்பிடித்துப் பார்த்த வைத்தியர்கள் ஒரு குறையும் இல்லை என்றார்கள். சில மாதங்களில் ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கில் குந்தியிருப்பதே அவன் வேலையாகிப்போனது. அதே காலத்தில் சின்னக் கல்லூரியின் முதல் ஆட்டத்தன்று கூடைக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், பழைய சட்டையோடு விவேக் நின்றான். பந்து வந்தால் போட்டான், வராவிட்டால் சும்மா நின்றான், ஆட்டம் முடிந்தும் இறங்கவில்லை. ஒரே பேரில் இரண்டுபேர் இரண்டு அணியில் ஆடத் தடையில்லை என்று சங்கம் சொன்னது. அணி தொடர்ந்து வென்றது. கனகவல்லி கொஞ்ச நாள் அழுதாள், பிறகு வேலை முடிந்ததும் அங்கேயே போகத் தொடங்கினாள். கொலோன் தூரம்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் விவேக் வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தான். பழையபடி உங்களோடு ஆடுகிறேன் என்று தோபியாஸிடம் கேட்டான். தோபியாஸ் தலையைச் சொறிந்தான், மேலே காட்டினான், உன் இடத்தில் ஆள் இருக்கிறதே என்றான். அவன் சொன்னது நியாயந்தான், அதுதான் விவேக்குக்குத் தாங்கமுடியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் கோட்டோரம் போய்நின்று, தன் பெயரைத் தானே சொல்லி, இரு கையையும் நீட்டி மேலே பார்த்துக் கூப்பிட்டான். மேலே நின்றவன் யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆறுதலாக யோசித்து, பந்தைத் தோபியாஸிடம் கொடுத்தான்.

“தம்பி, கொஞ்சம் அங்கால தள்ளி நில்” என்றாள் பின்னாலிருந்து கனகவல்லி. “மறைக்குது. பிள்ளையைப் பாக்க ஏலாமல் கிடக்கு.”

விவேக் தள்ளி நின்றான்.