காலை மாற்றினால் கை மாற வேண்டும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண் போனில் சொன்னாள்: "கால குட்டையாக்கினேன் சார், கை அந்தரத்துல தொங்குது. வயித்துல ஓட்டை வுழுந்துடுச்சி."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் போலிருக்கிறது என்று நடுங்கிப்போனேன். பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அவள் சொன்னது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷினை. அவளுக்கு அம்சவள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன். இனி வருவதில் பாதி அவள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.

2

அம்சவள்ளி கணினி முன் உட்கார்ந்தபோது வெளியே மழை

(இல்லை. அன்று திண்டிவனத்தில் மழையே இல்லை. கதை எழுதுகிற எங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியாதபோதெல்லாம் பெய்கிற மழை இது.)

மறுபடியும். அம்சவள்ளி திண்டிவனத்தில் சக்கரபாணியின் பட்டறையில் டிசைனர். இரும்பை வெட்டுவதற்கு முன்னால் மெஷினைக் கணினியில் பாகம் பாகமாக வரைந்து பூட்டிப் பார்ப்பது அவள் வேலை. அங்கே செய்யும் மல்லாட்டை மெஷினை நின்றுகொண்டுதான் ஓட்ட முடியும். ஒருநாள் கண்டாச்சிபுரத்திலிருந்து வேணி வந்தாள். விபத்தில் இடது கால் முறிந்து, கம்பி வைத்தவள். நெடுநேரம் நிற்க முடியாது.

"கையால உரிச்சி உரிச்சி நகமே தேஞ்சி பூட்ச்சிமா. இப்ப எல்லாரும் மெஷினுக்குப் பூட்டாங்க, எங்கிட்ட யாரும் மல்லாட்ட குடுக்கறதில்ல. உக்காந்துகினு ஓட்ற மாரி ஒண்ணு செஞ்சி குடு."

"அதுக்கென்னக்கா, கால கொஞ்சம் கொறச்சா ஆச்சு" என்றாள் அம்சவள்ளி.

3

ஆகவில்லை. கணினியில் இருந்த மெஷினின் பழைய படத்தில் கைப்பிடியின் அளவு காலைப் பிடித்திருந்தது, தொட்டி கைப்பிடியைப் பிடித்திருந்தது, சல்லடை தொட்டியைப் பிடித்திருந்தது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு போவதைப் போல. முன்னால் போகிறவர் சட்டென்று குனிந்தால் பின்னால் வருகிறவர்கள் கதி என்ன? காலைக் குறைத்ததும் கைப்பிடி அந்தரத்தில் தொங்கியது, தொட்டியின் வயிற்றில் ஓட்டை விழுந்தது, திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்புக் குறிகள்.

(அந்தப் படத்தை வரைந்துவிட்டு வேலையை விட்டுப்போனவரை முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். அம்சவள்ளி ஒப்பவில்லை. "அவசரத்துல எல்லாரும் அப்பிடித்தாங்க வரையறோம்" என்றாள். வில்லனை எடுத்துவிட்டேன்.)

சக்கரபாணிக்குப் பொறுமையில்லை. "இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு கீற? ஜல்தியா கால அறுத்துட்டு வெல்டிங் வச்சிக் குடு."

அப்படியே செய்தார்கள். வேணி உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தாள். நெஞ்சில் இடித்தது. கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து இழுத்தாள். தோளில் இடித்தது. இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே, "பரவால்லமா, பழகிக்கிறேன்" என்றாள்.

திட்டியிருந்தால்கூட அம்சவள்ளி தாங்கியிருப்பாள். இந்தக் காலோடு, இந்த ஊரோடு, இன்னும் எதெதோடெல்லாம் இவள் பழகிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே அளக்கும் டேப்பை எடுத்தாள்.

"வேணாங்க்கா. வேற செய்யறேன்."

4

வேணியை நாற்காலியில் உட்காரவைத்து அளந்தாள். தரையிலிருந்து இருக்கை, இருக்கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. பழைய படத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தாள். அதில் பாகம் எதையும் வரையவில்லை. சில கோடுகள் மட்டும். தரை இங்கே, ஆள் இங்கே, கை போய் வரும் வழி இது, பருப்பு விழும் இடம் அது. பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அந்தக் கோடுகளோடு மட்டும் இணைத்தாள். எந்தப் பாகமும் இன்னொரு பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வரைபடத்துக்கு 'வேணி' என்று பெயர்

(அடித்துவிட்டேன். அவள் வைத்த பெயர் 'மெயின்_1'. வாழ்க்கையில் பெயர்கள் அப்படித்தான் இருக்கின்றன.)

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. ஒன்று: முதல் முறையிலேயே எல்லாம் கச்சிதமாக அமைகிறது. நானே நம்பமாட்டேன். இன்னொன்று: சக்கரபாணி கோபித்துக்கொண்டு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறார். எழுத மனம் வரவில்லை.

நடந்தது இது. வேணி மறுபடி வந்தபோது அம்சவள்ளி திரையைத் திருப்பிக் காட்டினாள். வேணி நாற்காலியில் உட்கார்ந்தபடி காற்றில் கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். "கைப்பிடி கொஞ்சம் ஒசரம்மா" என்றாள். அம்சவள்ளி அந்தக் கோடுகளில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். கால், கைப்பிடி, தொட்டி, சல்லடை நான்கும் ஒன்றாகக் கீழே வந்தன. சிவப்பு எங்கேயும் இல்லை.

"எம்மா! எல்லாம் சேந்துகினு எறங்குதே!"

"இன்னும் எறக்கட்டுங்களா?"

"ரெண்டு வெரக்கட எறக்கு. ஐயே, ஜாஸ்தி. ஏத்து. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கியே நிறுத்து."

பழகிக்கொள்வதாக அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த அளவிலேயே இரும்பை வெட்டினார்கள். வேணி உட்கார்ந்து இழுத்தாள். எதுவும் இடிக்கவில்லை. பருப்பு உதிர்ந்தது. நாலைந்து நசுங்கியும் இருந்தன. சல்லடையை இன்னும் சரிபார்க்க வேண்டும். நசுங்கியதை வாயில் போட்டுக்கொண்டு வேணி சிரித்தாள்.

5

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்சவள்ளி போன் செய்தாள். வேணி சொல்லி, கண்டமங்கலத்திலிருந்து இன்னொருவர் பட்டறைக்கு வந்திருக்கிறாராம். "எனக்கு ஏத்த மாரியும் மாத்துவீங்களா?" என்று வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். அம்சவள்ளி பதில் சொல்வதற்குள் சக்கரபாணியே நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க, அளவு எடுத்துக்கலாம்" என்றாராம்.

வந்தவர் குட்டையா நெட்டையா, இடக்கைப் பழக்கமா, எந்த இடத்தில் அவருக்கு வலி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் யாரோ உட்காருகிறார்கள். அம்சவள்ளி டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அளவை நீங்கள் சொல்லுங்கள்.