காயாத கட்டில்

கட்டிலின் கடைசிக் காலுக்கு அருணா பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். மாமனார் அரசப்பனை ஸ்ட்ரெச்சரோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டுக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதாம். இட்டுக்கினு போவச் சொல்ட்டாங்க," என்றான் அவள் கணவன் சரவணகுமார்.

"ஐயோ, கட்டிலு ஈரமா கீதே!"

கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள்.

புதுக் கட்டில் வாங்க வழியில்லை. வாசல் கேட்டுக்கு அடித்தது போக மீந்திருந்த நீலப் பெயிண்டில் வெள்ளையைக் கலந்து, மாமனார் அறையிலிருந்த பழைய கட்டில், பீரோ இரண்டின் துருவையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, முதுகு ஒடிய அடித்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மனுஷன் மறுபடியும் அந்த அழுக்கில் படுக்க வேண்டாமே என்று அவள் சொன்னதும், வீட்டுக் காரியம் எதிலும் தலையிடாத சரவணகுமார் அன்றைக்கே பிரஷ்ஷும் தின்னரும் வாங்கிவந்தான். அப்பா மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

திறந்திருந்த கதவு வழியே அரசப்பன் தன் அறையில் பளபளத்த கட்டிலைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் மாமா. நாளைக்குக் காஞ்சிடும்."

அவர் மகனைப் பார்த்தார். சரவணகுமார் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

நாத்தனார் அமிர்தா திருவள்ளூரிலிருந்து வந்து அப்பன் மேல் விழுந்து அழுதாள். அழுகை ஓய்ந்தபோதுதான் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியிருக்க வேண்டும். எழுந்துபோய் அறையை எட்டிப் பார்த்தாள்.

"உசுரு இருக்கச்சொல்லோவே ரூம காலி பண்ட்டியாடி? எங்கப்பன தரையில சாவ வுட்டுட்டு, சோக்கா பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்தியா?"

"மாமாவுக்காகத்தான் அண்ணி அடிச்சேன். உங்க தம்பியையே கேளுங்க."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சரவணகுமாரைப் பார்த்தார்கள். பந்தல்காரன் வந்துவிட்டானா பார்க்கிறேன் என்று அவன் வெளியே போய்விட்டான். துக்கத்தில் வாய் வரவில்லை போலிருக்கிறது என்று அருணா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், தேர்வாய் கண்டிகை கம்பெனியில் சரவணகுமாரோடு வேலை பார்க்கும் ஜோஷ்வா மாலையோடு வந்தான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் நின்றிருந்த அருணாவிடம் தணிந்த குரலில் சொன்னான்.

"ரூமுக்கு அவசரம் இல்லக்கா. ஒண்ணாந்தேதி வாடகைக்கு வர்றதாதான் இருந்தேன். காரியம்லாம் முடியட்டும்."

"எந்த ரூமு?"

"அப்பா ரூமுதான்க்கா. கட்டில், பீரோவுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிக் குடுத்துடறேன்னு சரவணன் சொன்னானே. அப்பாவ ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே பேசிட்டோம்."

அருணா கணவனைத் தேடிப் போனாள். பந்தலடியில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஜோஷ்வாவுக்கா அடிக்க வெச்ச?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு. அக்கா காதுல வுழப் போவுது."

பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொடுத்தனுப்பியிருந்தார்கள். அருணா முதல் டம்ளரை அமிர்தாவிடம் நீட்டினாள். அமிர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பின்னால் வந்த சரவணகுமார் அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தான்.